எழுதாத பரீட்சைக்கு சைபர்

மார்ச் 3, செவ்வாய்

தம்பிக்கு,

மூன்று நாளாக நீ போன் செய்துகொண்டே இருக்கிறாய். நான் எடுக்கவில்லை, இனியும் எடுப்பதாக இல்லை. போனில் உன் குரல் அப்படியே அம்மா குரல். அதைக் கேட்டால் எனக்கு வாய் நிறையத் திட்ட வராது. அதனால்தான் கடிதம். உங்கள் தலைமை ஆஸ்பத்திரிக்கும் இந்தக் கிளைக்கும் நடுவே தினமும் ரத்தக் குப்பிகளை ஏற்றிக்கொண்டு ஒரு வேன் ஓடுகிறதல்லவா, அதன் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். காலை பத்துக்கு இங்கே வருகிறார், மாலை நாலுக்குக் கிளம்புகிறார். "ஐஸ் பெட்டிக்குள்ளயே வெச்சிடறேம்மா, கெட்டுப் போகாது" என்றார். இது கெட்டுப் போகிற சரக்கில்லை, வெளியிலேயே வையுங்கள் என்றேன்.

உன் அத்தானைப் பற்றி எழுதுகிறேன். நீதான் வந்து பார்க்கவில்லையே. இருபது வருஷமாக லிப்ட் ரிப்பேர் பார்க்கிற மனுஷன், ஒன்பதாவது மாடி மோட்டார் அறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், இன்றோடு ஏழு நாளாகக் கண் திறக்கவில்லை. தொடை வழியாக இரண்டு தடித்த குழாய்கள். ஒன்றில் ரத்தம் கறுப்பாக வெளியே போகிறது, மற்றொன்றில் சிவப்பாக உள்ளே வருகிறது. நடுவில் ஒரு பம்ப்பும் ஒரு பெட்டியும்தான் அவருக்கு இதயமும் நுரையீரலும். அவருடைய சொந்த இதயம் ஒப்புக்குத் துடிக்கிறதாம்.

காலை எட்டு மணிக்கு ஒவ்வொரு படுக்கையின் காலடியிலும் ஒரு தாள் மாட்டுகிறார்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு. மூலையில் ஒரு எண்: இந்த ஆள் இயந்திரத்திலிருந்து விடுபட நூற்றுக்கு எவ்வளவு வாய்ப்பு என்று. அவருக்குச் சிவப்பு, ஒன்பது. அடியில் பொடி எழுத்தில், இந்தக் கணக்கைத் தயாரித்தது தலைமை ஆஸ்பத்திரிப் புள்ளிவிவரப் பிரிவு என்று போட்டிருக்கிறது. அந்தப் பிரிவில் இருப்பது நீயும் உன் நாற்காலியும்தான் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் சனிக்கிழமை உனக்குப் போன் செய்தேன். நீ என்ன சொன்னாய்? "அக்கா, நூத்துக்கு ஒன்பதுதான். மனச தயார் பண்ணிக்கோ." ஒரு இருமல்கூட இல்லாமல் சொன்னாய். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால்கூட நீ அதைவிட யோசித்துச் சொல்வாய்.

என் கோபம் அந்த ஒன்பதோடு முடியவில்லை. பச்சை, மஞ்சள் தாள்காரர்களுக்குப் பதினோரு மணிக்கு ஒரு சோதனை நடக்கிறது. பம்ப்பின் ஓட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, இதயம் தானாக வேலை செய்கிறதா என்று எக்கோ வைத்துப் பார்க்கிறார்கள். தாங்கினால் ஓரிரு நாளில் குழாயைக் கழற்றுகிறார்கள். இவருக்கு ஒரு நாள்கூடப் பார்க்கவில்லை. ஏன் என்று நர்ஸைக் கேட்டேன். "செவப்புத் தாளுக்கு அது கெடையாதும்மா" என்றாள், ரேஷன் அட்டைக்குச் சொல்வது போல. ஆனால் திரையில் ரத்த அழுத்தக் கோடு முதல் நாலு நாள் அடிக்கோல் வைத்து இழுத்த மாதிரி நேராகக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அதில் சின்னச் சின்ன மேடுகள் எழுகின்றன. நான் டாக்டரில்லை. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் வித்தியாசம் தெரிந்தவள், அவ்வளவுதான்.

வருகிற சனிக்கிழமை காலை டாக்டர்கள் கூடி, இயந்திரத்தை நிறுத்திவிடலாமா என்று முடிவு செய்யப் போகிறார்களாம். நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். காத்திருப்பு அறையில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஒரு அம்மா இருக்கிறாள். அவளுடைய தம்பி நாலாம் படுக்கையில். அவனுக்கும் சிவப்பு, பதினொன்று. அவளுக்கு நாளைக்கே கூட்டம். "உங்க தம்பி போட்ட கணக்காமே, நல்லா பார்த்துதான போட்டிருப்பாரு?" என்று என்னிடம் கேட்டாள்.  நீ பதில் எழுது.

அக்கா

மார்ச் 4, புதன்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை நேற்று வேன் டிரைவர் என் மேஜைக்கே வந்து கொடுத்தார். "அம்மா ரொம்ப சூடா இருக்காங்க சார், கைல புடிக்கவே பயமா இருந்துச்சு" என்றார். மூன்று முறை படித்தேன்.

சனிக்கிழமை நான் சொன்ன விதம் தப்பு. அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உனக்குப் பொய் சொல்லி நம்பிக்கை கொடுத்து, பிறகு உன் முகத்தில் எப்படி விழிப்பது என்று நினைத்தேன். அத்தான் எனக்கு மட்டும் யாரோவா? எனக்கு முதல் சைக்கிள் வாங்கிக் கொடுத்தவர். நான் அங்கே வராததற்குக் காரணம், வந்தால் எல்லாரும் என் முகத்தில் அந்த எண்ணைத் தேடுவார்கள் என்ற பயம்.

ஒன்றைப் புரிந்துகொள். அந்த எண் யாரையும் கொல்வதுமில்லை, காப்பாற்றுவதுமில்லை. மூன்று ஆஸ்பத்திரிகளில் இந்த இயந்திரத்தில் இருந்த இருநூற்று ஆறு பேரின் குறிப்புகளை வைத்து, யார் விடுபட்டார், யார் விடுபடவில்லை, அவர்களுடைய வயது, ரத்தத்தில் இருந்த அமிலம், இதயத் துடிப்பின் பலம் எல்லாம் எப்படி இருந்தன என்று பார்த்து வந்த கணக்கு. முடிவெடுப்பது டாக்டர்கள். சோதனை வேண்டுமா வேண்டாமா என்பதும் அவர்கள் வைத்த விதி. ஓட்டத்தைக் குறைத்துப் பார்ப்பது விளையாட்டில்லை. ஓட்டம் மெதுவானால் குழாயில் ரத்தம் உறையும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் இருக்கிற ஒன்பதும் போய்விடும். வாய்ப்பு மிகக் குறைவானவர்களுக்கு அந்த ஆபத்து வேண்டாமே என்பதுதான் எண்ணம்.

எட்டு மாதமாக இந்தத் தாள் நடைமுறையில் இருக்கிறது. இதுவரை சிவப்பில் வந்த பதினான்கு பேரில் ஒருவர்கூட விடுபடவில்லை. ஒரு முறைகூடக் கணக்கு பொய்க்கவில்லை என்பதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நீ நம்ப வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

கணக்கு எப்படிப் போடப்பட்டது என்று விளக்கும் கையேட்டை இத்துடன் அனுப்புகிறேன். கொஞ்சம் கரடுமுரடாக இருக்கும். எல்லாம் புரியாவிட்டாலும் பரவாயில்லை, கண்ணை மூடிக்கொண்டு செய்த வேலை இல்லை என்றாவது தெரியும்.

தயவுசெய்து போனை எடு. சாப்பிடுகிறாயா என்றாவது சொல்.

தம்பி

மார்ச் 5, வியாழன்

தம்பிக்கு,

எல்லாம் புரியாவிட்டாலும் பரவாயில்லையா? இருபத்திரண்டு வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் பரீட்சைப் பொறுப்பு பார்க்கிறவளிடம் கையேட்டைக் கொடுத்துவிட்டு இப்படியா சொல்வாய்? காத்திருப்பு அறையில் உட்கார்ந்து சிவப்புப் பேனாவோடு முப்பத்தெட்டுப் பக்கத்தையும் படித்தேன். பாதி எனக்குப் புரியவில்லைதான். பதினோராம் பக்கம் நன்றாகவே புரிந்தது.

அங்கே நீ எழுதியிருக்கிறாய்: "விடுவிக்கும் முயற்சி மேற்கொள்ளப்படாத நோயாளிகள், விடுபடாதவர்கள் என்ற பிரிவில் சேர்க்கப்பட்டனர்." இந்த வரியை எழுதும்போது உன் கை கூசவில்லையா?

எங்கள் பள்ளியில் ஒரு வருஷம் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி கை முறிந்து பரீட்சைக்கு வரவில்லை. பதிவேட்டில் ஆப்சென்ட் என்று எழுத வேண்டிய இடத்தில் கிளார்க் சைபர் என்று எழுதிவிட்டார். அந்த சைபரைப் பார்த்து அவளைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். கடைசி பெஞ்சில் இருப்பவளிடம் யாரும் கேள்வி கேட்கவில்லை. கேள்வியே கேட்காததால் அவள் வாயைத் திறக்கவில்லை. வருஷக் கடைசியில் எல்லாரும் சேர்ந்து, "நாங்கதான் அப்பவே சொன்னோமே" என்றார்கள். நான் பழைய பதிவேட்டை எடுத்துக்கொண்டு தலைமை ஆசிரியர் மேஜையில் போட்டுச் சண்டை பிடித்த பிறகுதான் அவள் முன் பெஞ்சுக்கு வந்தாள். ஒரு கிளார்க் அவசரத்தில் செய்ததை நீ படித்துப் பட்டம் வாங்கி, அச்சுப் போட்டுச் செய்திருக்கிறாய்.

பரீட்சை எழுதித் தேறாதவன் வேறு, பரீட்சையே எழுதாதவன் வேறு. இருநூற்று ஆறு பேரில் எத்தனை பேருக்குக் குறைத்தே பார்க்கவில்லை? அந்தப் பதினான்கு பேரில் எத்தனை பேருக்குப் பார்த்தார்கள்? சிவப்புத் தாள் வந்தால் சோதனை கிடையாது. சோதனை இல்லாதவன் விடுபட மாட்டான். விடுபடாவிட்டால் உன் கணக்கு சரி. கடையைப் பூட்டி வைத்துவிட்டு ஒருத்தரும் சாமான் வாங்க வரவில்லை என்று சொல்வதும் இதுவும் ஒன்றுதான். இதில் பொய்க்கவில்லை என்று வேறு எழுதுகிறாய்.

இதை இத்தனை கோபமாக எழுதுவதற்குக் காரணம் வேறு. நேற்று மத்தியானம் ஜெராக்ஸ் கடை அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டாள். உன் கையேடு வந்தது பத்து மணிக்கு. பதினோராம் பக்கத்தை நான் திருப்பியபோது மணி மூன்றரை. அவள் இரண்டு மணிக்கே உள்ளே போய்விட்டாள். வெளியே வந்து, "தாள்ல போட்டிருந்தது சரியாத்தான் போச்சு" என்றாள், என்னமோ எனக்கு ஆறுதல் சொல்வது போல. நாலாம் படுக்கையில் இப்போது புது விரிப்பு. அவனையும் விடுபடாதவர்கள் பட்டியலில் சேர்த்துவிட்டாயா? பதினைந்துக்குப் பதினைந்து ஆகிவிட்டதே. இன்னும் சத்தமாகக் கைதட்டச் சொல்.

சாப்பிடுகிறேனா என்று கேட்டாய். உன்னைத் தவிர எல்லாம் தொண்டையில் இறங்குகிறது.

அக்கா

மார்ச் 6, வெள்ளி

அக்கா,

நேற்று மாலை உன் கடிதம் வந்ததும் பதில் எழுத உட்கார்ந்தேன். உலகத்தில் எல்லாரும் இப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள், இதற்குக் காரணங்கள் உண்டு என்று இரண்டு பக்கம் சப்பைக்கட்டு கட்டினேன். பிறகு அதைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பழைய கோப்புகளைத் திறந்தேன்.

இருநூற்று ஆறு பேரில் விடுபடாதவர்கள் நூற்றுப் பதினெட்டு. அதில் நாற்பத்து மூன்று பேருக்குச் சோதனையே நடக்கவில்லை. மூளையில் ரத்தக்கசிவு, குடல் அழுகல் என்று வேறு காரணத்தால் போனவர்கள் இருபத்து நாலு. மீதிப் பத்தொன்பது பேரின் கோப்பில் எந்தக் காரணமும் இல்லை. யாரோ ஒருவருக்கு இது தேறாது என்று தோன்றியிருக்கிறது, விட்டுவிட்டார்கள். அவர்களில் பலருக்கு அழுத்தக் கோட்டில் மேடு எழுந்திருக்கிறது, நீ பார்த்தது போலவே. மேடு எழுந்தும் அவர்களைத் தோல்வி என்று நான் போட்டதால், மேடு எழுவதில் பெரிய விசேஷம் இல்லை என்று என் கணக்கு கற்றுக்கொண்டது. அத்தானின் எண் ஒன்பதிலேயே நிற்பதற்கு அதுதான் காரணம்.

எட்டு மாதத்துப் பதினான்கு பேரில் ஒருவருக்கும் ஓட்டத்தைக் குறைத்துப் பார்க்கவில்லை. ஒருவருக்குமே. போன மாதக் கூட்டத்தில் இந்தப் பதினான்கைத் திரையில் காட்டினேன். நிஜமாகவே கைதட்டினார்கள். நீ கேலியாக எழுதியதைப் படித்தபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

இன்னொன்று. சோதனை வேண்டாம் என்பது டாக்டர்களின் விதி என்று எழுதினேன் அல்லவா? அது பாதி உண்மை. கையேட்டின் கடைசிப் பக்கத்து அடிக்குறிப்பைப் பார். பதினைந்துக்குக் கீழ் இருப்பவர்களுக்குச் சோதனையைத் தவிர்ப்பது பரிசீலிக்கத்தக்கது. அந்த வரி என்னுடையது. யாரும் கேட்காமலே, கணக்கு பயனுள்ளதாகத் தெரிய வேண்டும் என்று நானாகச் சேர்த்தது. அவர்கள் அதை விதியாக்கினார்கள். நீ சொன்ன கடைக்குப் பூட்டு செய்து கொடுத்தவன் நான்தான்.

இன்று விடிந்ததும் அங்கே பெரிய டாக்டருக்குப் போன் செய்தேன். பதினான்கு முறை சரியாக இருந்ததை ஒரு குடும்பத்துக்காக மாற்ற முடியாது, உங்களுக்கு இது சொந்த விஷயம், நீங்கள் பேசாமல் இருப்பது நல்லது என்றார். என் மேலதிகாரி, அடுத்த மாதக் கூட்டத்தில் வைத்துப் பேசலாம் என்றார். அடுத்த மாதம் என்றால் அத்தானுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

அதனால் நீதான் கேட்க வேண்டும். நாளைக் கூட்டத்துக்குக் காத்திருக்காதே, இன்றே கேள். எப்படியிருக்கிறார் என்று கேட்காதே, அதற்கு ஒரே பதில்தான் வரும். இப்படிக் கேள்: ஓட்டத்தைக் குறைத்துப் பார்த்தீர்களா? எத்தனை லிட்டர் வரை? எவ்வளவு நேரம்? அப்போது எக்கோவில் என்ன தெரிந்தது? நாலுக்கும் பதில் வராமல் கையெழுத்துப் போடாதே. என் கடிதத்தைக் காட்ட வேண்டுமானால் காட்டு.

சோதனையில் அவர் தோற்கலாம். தோற்கத்தான் வாய்ப்பு அதிகம் என்று இப்போதும் நினைக்கிறேன். எத்தனைக்கு எத்தனை என்று மட்டும் கேட்காதே, எனக்குத் தெரியாது. இதை நான் எழுத்தில் ஒத்துக்கொள்வது இதுதான் முதல் தடவை.

தம்பி

மார்ச் 7, சனி

தம்பிக்கு,

கேட்டேன்.

நேற்றுப் பத்தரைக்கு உன் கடிதத்தோடு பெரிய டாக்டர் அறைக்குப் போனேன். நல்ல மனுஷன்தான், உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். நாலு கேள்வியையும் வரிசையாகக் கேட்டேன். அவர் கேள்விக்குப் பதில் சொல்லாமல், "பதினாலு பேர்லயும் அந்தத் தாள் தப்பா சொன்னதில்லம்மா" என்றார்.

"பதினாலு பேருக்கும் கொறச்சுப் பார்த்தீங்களா?" என்றேன்.

அவர் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். இதயப் பம்ப்பைக் கவனிக்கிற அம்மாவைக் கூப்பிட்டனுப்பினார். அவளை உனக்குத் தெரிந்திருக்காது. ஐம்பது வயதிருக்கும், பதினொரு நாளாக அவருடைய குழாய்களை டார்ச் அடித்து, ரத்தம் எங்காவது உறைந்திருக்கிறதா என்று பார்ப்பவள். என்னிடம் ஒரு வார்த்தை அதிகம் பேச மாட்டாள். அவளிடம், இந்தக் கேஸில் குறைத்துப் பார்க்கலாமா என்று கேட்டார். "ஞாயித்துக்கெழமையே எழுதி வெச்சேன் சார். புதன்கெழமையும் எழுதினேன். செவப்புத் தாள்னால யாரும் பக்கத்தப் பொரட்டல" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. டாக்டரின் காது சிவந்ததை நான் பார்த்தேன்.

மத்தியானம் செய்தார்கள். ரத்தம் உறையாமல் இருக்க மருந்தைக் கூட்டிக்கொண்டு, நாலு லிட்டரிலிருந்து மூன்று, மூன்றிலிருந்து இரண்டு. என்னைக் கண்ணாடிக்கு வெளியே நிற்க விட்டார்கள். இரண்டு லிட்டரில் பத்து நிமிஷம் தாங்கினார். ஒன்றரைக்கு இறக்கியதும் அழுத்தம் சரிந்தது. அந்த அம்மா உடனே பழையபடி ஏற்றிவிட்டாள். தோல்வி. உன் தாளில் போடு, இப்போது தாராளமாகப் போடு. அவர் பரீட்சை எழுதித் தோற்றார். எனக்கு அழுகையாக வந்தது, ஆனால் வயிற்றெரிச்சல் இல்லை.

இன்றைய கூட்டத்தில் முடிவைத் தள்ளி வைத்துவிட்டார்கள். இரண்டு லிட்டரில் பத்து நிமிஷம் தாங்கிய இதயத்தை நிறுத்தச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லையாம். நாளை மறுநாள் திரும்பப் பார்ப்பார்கள். இது எல்லாருக்கும் நடக்க வேண்டியதுதானே? நான் சண்டைக்காரி, எனக்குக் கணக்குப் போடுகிற தம்பி இருக்கிறான், அதனால் நடந்தது. ஜெராக்ஸ் கடை அம்மா மரியாதையானவள், அதனால் நடக்கவில்லை. இதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

அக்கா

மார்ச் 8, ஞாயிறு

அக்கா,

முதல் தடவையில் இரண்டு லிட்டர் வரை தாங்கியது நல்ல செய்தி. தோற்றவர்களில் கணிசமானவர்கள் இரண்டாவது, மூன்றாவது தடவையில் தேறியிருக்கிறார்கள். இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு, அவர்கள் உண்மையிலேயே எழுதிப் பார்த்தவர்கள்.

நேற்று மாலை தாளை நிறுத்திவிட்டேன். கூட்டம், அனுமதி எதற்கும் காத்திருக்கவில்லை. இனி காலை எட்டு மணிக்கு எந்தப் படுக்கையிலும் தாள் வராது. காரணத்தை மூன்று ஆஸ்பத்திரிக்கும் எழுதி அனுப்பிவிட்டேன், பதினோராம் பக்கத்தையும் அடிக்குறிப்பையும் சேர்த்து. மேலதிகாரி திங்கட்கிழமை வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார். என்ன செய்வாரோ செய்யட்டும்.

நாலாம் படுக்கையின் கோப்பு என்னிடம் இருக்கிறது. வெள்ளியன்றே பார்த்துவிட்டேன், உனக்கு எழுதத் தைரியம் வரவில்லை. மூன்று நாளாக அவருக்கும் மேடு எழுந்துகொண்டிருந்தது. அத்தானுடையதைவிடக் கொஞ்சம் உயரமாகவே. குறைத்துப் பார்த்திருந்தால் தேறியிருப்பாரா என்றால், தெரியாது. தோற்றும் இருக்கலாம். அது இனி யாருக்கும் தெரியப் போவதில்லை, அதுதான் என்னை உட்கார விடவில்லை. ஜெராக்ஸ் கடை அம்மாவிடம் இதைச் சொல்லலாமா? சொல்லி அவளுக்கு என்ன ஆகப் போகிறது? சொல்லாமல் விட்டால் எனக்கு என்ன ஆகும் என்பதைத்தான் யோசிக்கிறேனோ என்றும் சந்தேகம். நீ சொல்கிறபடி செய்கிறேன்.

தம்பி

மார்ச் 11, புதன்

தம்பிக்கு,

நேற்று மத்தியானம் இரண்டு மணிக்குக் குழாயைக் கழற்றினார்கள். திங்களன்று ஒன்றரை லிட்டரில் நின்றார். நேற்று ஒரு லிட்டரில் நாற்பது நிமிஷம். எக்கோ பார்த்த டாக்டர் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே தலையை ஆட்டினார். மூச்சுக் குழாய் இன்னும் இருக்கிறது, பேச முடியாது. இன்று காலை கண் திறந்து என்னைப் பார்த்தார். வலது கையைக் கொஞ்சம் தூக்கி, உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து இரண்டு தடவை அசைத்தார். லிப்ட் குழிக்குள் இருப்பவர்களுக்கு மேலேயிருந்து காட்டுவாரே, மெல்ல இறக்கு என்று, அதே சைகை. நான் பக்கத்தில் நின்று யாரையோ திட்டிக்கொண்டிருந்தேன், எனக்குத்தான் காட்டினார் போலிருக்கிறது.

இதோடு நான் கடிதத்தை முடித்திருக்க வேண்டும். முடியவில்லை. நேற்று மாலை ஜெராக்ஸ் கடை அம்மா ஏதோ சான்றிதழ் வாங்க வந்தவள், நான் இருக்கிறேனா என்று எட்டிப் பார்த்தாள். அவர் தேறிவிட்டார் என்றதும் அவள் முகம் மலர்ந்தது. நிஜமான சந்தோஷம், எனக்குக் கூசியது. அவருக்கும் சிவப்புத் தாள்தானே, எப்படி என்று கேட்டாள். குறைத்துப் பார்த்தார்கள் என்றேன். பையின் வாரைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். பிறகு, "என் தம்பிக்கும் பார்த்தாங்களா?" என்றாள்.

நான் பொய் சொல்லவில்லை, உண்மையும் சொல்லவில்லை. என் தம்பி வந்து சொல்வான் என்றேன்.

சொல்லலாமா என்று கேட்டிருந்தாய். அவளுக்கு என்ன ஆகும், உனக்கு என்ன ஆகும் என்றெல்லாம் பூசி மெழுகாதே. அவள் கேட்டுவிட்டாள். கேட்டவளுக்குப் பதில் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை வேனில் ஏறி வா. கடை ஆஸ்பத்திரிக்குப் பின் தெருவில், சாவி போடுகிறவர் கடைக்கு அடுத்தது. முதலில் அங்கே போ. அத்தான் எங்கேயும் போய்விட மாட்டார். அங்கே போகாமல் இங்கே வந்தால் உன்னை வாசலிலேயே திருப்பி அனுப்புவேன்.

அக்கா

மார்ச் 13, வெள்ளி

அக்கா,

இதை வேனுக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். உன்னையும் அத்தானையும் பார்க்காமலே திரும்புகிறேன். கடையிலேயே நாலு மணியாகிவிட்டது. நாளை மீண்டும் வருகிறேன். நாளை என்ன, இனி எல்லா நாளும் வரலாம். திங்களன்று என்னை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். உன் கடிதத்தை டிரைவர் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார்.

நான் போனபோது கடையில் கூட்டம். யாரென்று சொன்னதும், இருங்கள் என்று ஸ்டூலைக் காட்டினாள். எல்லாரையும் அனுப்பிவிட்டு மெஷினை நிறுத்தினாள். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததையெல்லாம் விட்டுவிட்டேன். உங்கள் தம்பிக்குக் குறைத்துப் பார்க்கவில்லை, அதற்குக் காரணம் நான் எழுதிய ஒரு வரி என்றேன். பதினோராம் பக்கத்தையும் அடிக்குறிப்பையும் காட்டினேன். அழுத்தக் கோட்டைக் காட்டி, இது மேடு என்றேன். பார்த்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டாள். தெரியாது என்றேன். அதே கேள்வியை வேறு வேறு விதமாக ஐந்தாறு தடவை கேட்டாள், ஒவ்வொரு தடவையும் தெரியாது என்றேன். அவள் என்னைத் திட்டவில்லை. நீ திட்டியதில் பாதியாவது திட்டியிருந்தால் தேவலை.

பிறகு, "எந்தக் கட்டத்துல வெச்சிருக்கீங்க என் தம்பிய?" என்று கேட்டாள்.

திருத்திய பட்டியலின் தாளைக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமையே ஒவ்வொரு கோப்பாகப் பார்த்து நான் கையால் எழுதியது. பத்தொன்பது பேர், எட்டு மாதத்துப் பதினான்கு பேர், கடைசியில் அவளுடைய தம்பி. எல்லார் பெயருக்கு நேராகவும் விடுபடவில்லை என்பதை அடித்துவிட்டு, முயற்சி செய்யப்படவில்லை என்று எழுதியிருந்தேன். கடைசி வரியில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அது ஒரு அலுவலகத் தாள், திரும்ப வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவள் மெஷினைப் போட்டாள். தாளைக் கண்ணாடியில் கவிழ்த்து வைத்து ஒரு பிரதி எடுத்தாள். அந்தப் பிரதியை இரண்டாக மடித்து என் சட்டைப் பையில் வைத்தாள்.

"இது உங்களுக்கு," என்றாள். "ஒரிஜினல் எங்கிட்ட இருக்கட்டும்."

தம்பி